அடையாள எண்ணும் கப்பல் தேதியும்: ஒரு சங்கத்தின் எக்செல் ஏடுகள் கிளவுட் அட்டவணைக்குப் போனபோது

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கம் தன் இரண்டு ஏடுகளைப் பல ஆண்டுகளாக எக்செல் கோப்புகளில் வைத்திருந்தது. ஒன்று உறுப்பினர் ஏடு. அதில் பெயர், தென்னாப்பிரிக்க அடையாள எண், கைப்பேசி எண், அஞ்சல் குறியீடு, சந்தாத் தொகை, வாக்குரிமை ஆகியவை இருந்தன. மற்றொன்று வம்சாவளி ஏடு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் அடங்கிய நட்டால் காலனிக்கு வந்த முன்னோர்களின் காலனி எண் (அங்கே ஒவ்வொருவருக்கும் இடப்பட்ட எண்), கப்பல், கரை சேர்ந்த நாள், வயது, தந்தை பெயர், ஊர், ஜில்லா ஆகியவற்றைப் பழைய கப்பல் பட்டியல்களிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தது. உறுப்பினர் ஒவ்வொருவரையும் அவருடைய முன்னோரின் காலனி எண்ணோடு இணைப்பதே இரண்டு ஏடுகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனதன் நோக்கம்.

சேமிப்பகமாக மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூர் டேபிள் ஸ்டோரேஜ் தேர்ந்தெடுக்கப்பட்டது. செலவு குறைவு என்பது ஒரு காரணம். உறுப்பினர் விவரங்கள் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று குழு விரும்பியது இன்னொரு காரணம். 2019 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் அஸூரின் தரவு மையங்கள் திறக்கப்பட்ட பிறகு, ஜோகன்னஸ்பர்க்கை மையமாகக் கொண்ட மண்டலத்தில் அட்டவணையை வைத்துக்கொள்ள முடிந்தது.

முதல் மாற்றத்தை வெளியாள் ஒருவர் செய்து கொடுத்தார். எக்செல் கோப்புகளைத் திறந்து சிஎஸ்வி வடிவில் (மதிப்புகளை ஒரு குறியால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, அந்தக் கோப்பை ஒரு சிறு நிரலால் வரிசை வரிசையாகப் படித்து அட்டவணையில் ஏற்றினார். எக்செல்லில் எத்தனை வரிசைகளோ அத்தனை பதிவுகள் அட்டவணையிலும் இருந்தன. எண்ணிக்கை ஒத்துப்போனதால் வேலை முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரிசைகளை எண்ணிப் பார்ப்பது எந்த மாற்றத்துக்கும் முதல் சோதனைதான். ஆனால் தரவின் வகை கெட்டுப்போனதை அந்தச் சோதனை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது.

குறைகள் ஒவ்வொன்றாகப் பயன்பாட்டில்தான் தெரிந்தன. சங்கம் அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்களிலிருந்து பிறந்த நாளைக் கணக்கிட்டு வாழ்த்துச் செய்தி அனுப்புவது வழக்கம். அந்த வாழ்த்து பெண்களுக்குச் சரியான நாளிலும் ஆண்களுக்கு ஒரு நாள் தாமதமாகவும் போனது. இளைஞர்கள் பெரும்பாலோருக்குப் போகவே இல்லை. 200 ரான்டுக்கு மேல் சந்தா கட்டியோர் பட்டியலில் உண்மையில் கட்டிய பலர் விடுபட்டார்கள். வம்சாவளி ஏட்டில், மதராஸிலிருந்து முதல் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்த ட்ரூரோ கப்பல், சில பதிவுகளில் நவம்பர் 15 அன்றும் சில பதிவுகளில் 1960ஆம் ஆண்டிலும் கரை சேர்ந்தது. காலனி எண் வழியாக முன்னோரைத் தேடிய உறுப்பினர்களுக்கு, ஏட்டில் இருக்கும் எண்ணே இல்லை என்று பதில் வந்தது.

வாழ்த்துப் பட்டியலைக் கவனித்துவந்த அம்மையார், "ஆம்பளைங்களுக்கு மட்டும் ஏன் தம்பி பிறந்த நாள் ஒரு நாள் தள்ளிப்போவுது?" என்று கேட்ட கேள்விதான் ஆய்வுக்கு மிகச் சரியான திறவுகோலாக அமைந்தது. பிழை கண்டபடி சிதறியிருக்கவில்லை, அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை அந்தக் கேள்வி காட்டியது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, தரவின் வகை என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது ஜிப் முறையில் சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்புகளின் தொகுப்பு. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வகை உண்டு: எண், எழுத்து, மெய்-பொய், பிழை. நெடுவரிசைக்கு என்று வகை கிடையாது. ஒரே நெடுவரிசையில் மேல் கட்டம் எண்ணாகவும் கீழ்க் கட்டம் எழுத்தாகவும் இருக்கலாம். தேதி என்பது வழக்கமான எக்செல் கோப்பில் தனி வகையே இல்லை. அது வெறும் நாள் எண்ணிக்கை. அதைத் தேதியாகக் காட்டுவது கட்டத்தின் தோற்ற அமைப்பு மட்டுமே. சிஎஸ்வி கோப்பிலோ வகை என்பதே இல்லை. எல்லாம் எழுத்துச் சரம். மறுமுனையில் இருக்கும் அஸூர் அட்டவணை எட்டு வகைகளை அறியும்: ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), இன்ட்32, இன்ட்64 (சிறிய, பெரிய முழு எண்கள்), டபுள் (பின்ன எண்), பூலியன் (மெய்-பொய்), டேட்டைம் (தேதியும் நேரமும்), குயிட் (தனித்த அடையாளக் குறி), பைனரி (இருமத் தரவு). ஆனால் அங்கும் வகை நெடுவரிசைக்கு உரியதாக இல்லை. ஒவ்வொரு பதிவின் ஒவ்வொரு பண்பும் (சந்தா, பெயர் போன்ற ஒவ்வொரு விவரமும்) தன் வகையைத் தானே சுமக்கிறது. ஒரு பதிவில் சந்தா இன்ட்32 ஆகவும் அடுத்த பதிவில் டபுள் ஆகவும் இருந்தால் அட்டவணை அதை மறுக்காது.

ஆக, இரு முனைகளிலும் நெடுவரிசையின் வகையைக் கட்டாயப்படுத்தும் காவலர் யாரும் இல்லை. நடுவில் இருக்கும் சிஎஸ்வியில் வகையைக் குறிக்க இடமே இல்லை. அந்த வெற்றிடத்தை நிரல் தன் ஊகத்தால் நிரப்பியது. இந்த நிகழ்வின் எல்லாக் குறைகளும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

அடையாள எண்ணை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம் கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரு இலக்கம், மாதம், நாள். அடுத்த நான்கு இலக்கங்கள் பெண்களுக்கு 0000 முதல் 4999 வரையும் ஆண்களுக்கு 5000 முதல் 9999 வரையும் அமையும். அதற்கடுத்த இலக்கம் குடியுரிமை நிலையைக் குறிக்கும். கடைசி இலக்கம் லூன் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். எக்செல்லில் பொது அமைப்பில் உள்ள ஒரு கட்டத்தில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணைத் தட்டினால், அது பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டப்படும். புள்ளிக்கு முன் ஓர் இலக்கம், பின் ஐந்து இலக்கம், ஆக ஆறு இலக்கம் மட்டுமே கண்ணில் படும். உள்ளே 15 இலக்கம் வரை பத்திரமாக இருக்கிறது என்பதால் கோப்பு எக்செல்லாகவே இருக்கும் வரை தீங்கில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே இருப்பதை எழுதாமல் திரையில் காட்டுவதை எழுதுகிறது. அந்த நொடியில் ஏழு இலக்கங்கள் போய்விடுகின்றன.

எஞ்சும் ஆறு இலக்கங்கள் சரியாகப் பிறந்த நாளின் ஆறு இலக்கங்கள். ஆறாவது இலக்கத்தை மேலே முழுமையாக்குவதா கீழே விடுவதா என்பதை ஏழாவது இலக்கம் தீர்மானிக்கிறது. அந்த ஏழாவது இலக்கமோ ஆண், பெண் வேறுபாட்டைக் குறிப்பது. பெண்களுக்கு அது 0 முதல் 4 வரை என்பதால் நாள் அப்படியே நிற்கும். ஆண்களுக்கு 5 முதல் 9 வரை என்பதால் நாள் ஒன்று கூடிவிடும். 1980 ஜனவரி 1 அன்று பிறந்த ஆணின் எண் 800102 என்று தொடங்குவதாகவும், ஜனவரி 31 அன்று பிறந்தவரின் எண் 800132 என்று தொடங்குவதாகவும் மாறும். ஜனவரி 32 என்ற நாள் நாட்காட்டியில் இல்லாததால், மாதக் கடைசி நாளில் பிறந்த ஆண்களுக்கு வாழ்த்து போகவே இல்லை. ஒரே நாளில் பிறந்த பெண்கள் அனைவரும் ஒரே அடையாள எண்ணைப் பெற்றார்கள். சங்கம் அந்த எண்ணை ரோகீயாக (பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் திறவாக) வைக்காமல் உறுப்பினர் எண்ணை வைத்திருந்தது நல்லதாயிற்று. வைத்திருந்தால் பின்னால் வந்த பதிவு முன்னால் இருந்ததை அழித்திருக்கும், வரிசை எண்ணிக்கையாவது அன்றே எச்சரித்திருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2000க்குப் பிறகு பிறந்தவர்களின் கதை வேறு. 2004 ஏப்ரல் 12 அன்று பிறந்தவரின் எண் 040412 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டதும் முன் சுழி (0) உதிர்ந்து 12 இலக்கமாகிறது. அதன்பின் சுருக்கினால் 404125 போன்ற ஆறு இலக்கம் எஞ்சும். அதைப் பிறந்த நாளாகப் படித்தால் 41ஆம் மாதம். 2000 ஜனவரியில் பிறந்தவரின் எண் மூன்று சுழிகளோடு தொடங்குவதால், மூன்றும் உதிர்ந்து 10 இலக்கமாகி, சுருங்காமல் முழுதாகவே காட்டப்படும். ஆகவே ஒரே நெடுவரிசையில் சில எண்கள் சிதைந்தும் சில எண்கள் குறுகியும் இருந்தன. இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது. குறுகியவற்றுக்கு முன்னால் சுழிகளை இட்டு 13 இலக்கமாக்கினால் போதும். லூன் சரிபார்ப்பு வலமிருந்து இடமாகக் கணக்கிடப்படுவதால் முன் சுழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றே. எனவே சுழி உதிர்ந்ததை அது காட்டாது, இலக்க எண்ணிக்கையே காட்டும். சிதைந்த எண்களில் பெரும்பாலானவற்றை லூன் பிடித்துவிடும், பத்தில் ஒரு பங்கைத் தற்செயலாகத் தவறவிடும். இரண்டு சோதனைகளும் சேர்ந்தே வேண்டும்.

கைப்பேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் இதைவிடச் சத்தமில்லாமல் கெட்டன. தென்னாப்பிரிக்கக் கைப்பேசி எண் 082, 083 என்பது போல் சுழியில் தொடங்கும் 10 இலக்கம். சுழி உதிர்ந்தால் ஒன்பது இலக்கம், அது இன்ட்32 வகையின் உச்சமான 2,147,483,647க்குள் அடங்கிவிடுவதால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஏற்றியது. அஞ்சல் குறியீட்டில் டர்பன் உறுப்பினர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை; 4001 எண்ணானாலும் 4001தான். பிரிட்டோரியாவில் குடியேறிய சில குடும்பங்களுக்கு மட்டும் 0002 என்பது 2 ஆனது. பெரும்பான்மை வரிசைகள் சரியாக இருக்கும் நெடுவரிசையில்தான் இப்படிப்பட்ட பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும்.

கணக்கிடப் பயன்படாத எண் எழுத்தே என்ற விதி கணினித் துறையில் பழையது. அடையாள எண்ணைக் கூட்டுவோர் இல்லை, அஞ்சல் குறியீட்டுக்குச் சராசரி பார்ப்போரும் இல்லை. இவை அனைத்தும் ஸ்ட்ரிங் என்று புதிய மாற்றத்தில் முதலிலேயே முடிவாயின.

தேதியில் இருந்த சிக்கல் வம்சாவளி ஏட்டுக்கே உரியது. எக்செல்லின் தேதிக் கணக்கு 1900 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாளைத் தட்டினால் அது தேதியாகாமல் எழுத்தாகவே நின்றுவிடும். நட்டாலுக்குக் கூலிக் கப்பல்கள் வந்த காலம் 1860 முதல் 1911 வரை. எனவே ஒரே நெடுவரிசையில் முதல் நாற்பது ஆண்டுக் கப்பல்களின் தேதிகள் எழுத்தாகவும் கடைசிப் பத்துச் சொச்ச ஆண்டுக் கப்பல்களின் தேதிகள் நாள் எண்ணிக்கையாகவும் இருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கூர்ந்து பார்த்தவருக்கு எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்பது தெரிந்திருக்கும். இதன்மேல், சில தன்னார்வலர்கள் ஆண்டை இரண்டு இலக்கமாகத் தட்டியிருந்தார்கள். அப்படித் தட்டினால் எக்செல் 00 முதல் 29 வரையானவற்றை 2000களிலும் 30 முதல் 99 வரையானவற்றை 1900களிலும் வைக்கும். 60 என்று தட்டியது 1960 ஆனது இப்படித்தான். ஒப்பந்தக் கூலிக் கப்பல் எதுவும் 1911க்குப் பிறகு நட்டாலுக்கு வரவில்லை என்பதால், இந்த நெடுவரிசையில் 1911ஐத் தாண்டிய எந்த ஆண்டும் தட்டச்சுப் பிழையே என்ற வரலாற்று உண்மை ஒரு சோதனை விதியாகப் பயன்பட்டது.

அடுத்தது நேர மண்டலம். அஸூர் அட்டவணையின் டேட்டைம் 1601ஆம் ஆண்டு முதலே நாள்களை ஏற்கும். ஆகவே 1860 அதற்குப் பொருட்டில்லை. ஆனால் அது எதையும் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. தென்னாப்பிரிக்க நேரம் அதற்கு இரண்டு மணி முன்னே இருப்பதால், நேரம் குறிக்காத ஒரு நாளை உள்ளூர் நள்ளிரவாகக் கருதி மாற்றினால் முந்தைய நாளின் இரவு 10 மணியாகும். ட்ரூரோ நவம்பர் 15 அன்று வந்ததாகத் தெரிந்தது இதனால்தான். நேர மண்டலப் பட்டியலை முறையாகப் பின்பற்றும் நிரல் நூலகங்களில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) இது இன்னும் விசித்திரமாகும்: ஜோகன்னஸ்பர்க்குக்கான பழைய பதிவில் 1892க்கு முன் உள்ளூர் சூரிய நேரம் 1 மணி 52 நிமிடம் என்று இருப்பதால், 1860 நவம்பர் 16 நள்ளிரவு என்பது நவம்பர் 15 இரவு 10 மணி 8 நிமிடம் ஆகிவிடுகிறது. அந்த எட்டு நிமிடத்தைக் கண்டால், நிரல் தவறாக ஓடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது மிகையான ஒழுங்கோடு ஓடுகிறது.

கப்பல் கரை சேர்ந்த நாளும் பிறந்த நாளும் நாள்கள். அவற்றுக்கு மணி இல்லை, மண்டலமும் இல்லை. அஸூர் அட்டவணையில் நாளுக்கென்று மட்டும் தனி வகை இல்லாததால், இவற்றை 1860-11-16 என்ற வடிவில் ஸ்ட்ரிங்காக வைப்பது என்று முடிவு செய்யப்பட்டது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சுழி நிரப்பி எழுதினால் அகர வரிசையே கால வரிசையாகிவிடும். இரு நாள்களுக்கு இடைப்பட்ட கப்பல்களைத் தேடுவதும் எளிது. சந்தா பெறப்பட்ட நேரம் போன்ற உண்மையான நேரக் குறிப்புகள் மட்டும் டேட்டைம் ஆயின. டேட்டைம் இருக்கும்போது ஸ்ட்ரிங்கைத் தேர்வது வகையைக் காப்பதற்கு நேர்மாறு அல்லவா என்று குழுவில் ஒருவர் கேட்டார். சேமிப்பகம் தரும் வகைப் பெயரைவிடப் பொருளின் இயல்பே முக்கியம் என்பது என் கருத்து. நாளுக்கு நேரத்தை ஒட்டவைப்பதுதான் வகையைக் கெடுப்பது.

இங்கே சாய்கோட்டையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பில் தேதி 1863/1/11 என்று சாய்கோட்டோடு வரும். அஸூர் அட்டவணையின் பார்ட்டிஷன்கீ (பதிவுகளைக் குழுவாக்கும் திறவு), ரோகீ இரண்டிலும் சாய்கோடு, பின்சாய்கோடு, #, ? ஆகிய குறிகளுக்கு இடமில்லை. ஒரே கப்பல் பல முறை பயணம் செய்ததுண்டு என்பதால் கப்பல் பெயரோடு நாளையும் சேர்த்தே பார்ட்டிஷன்கீ அமைக்கப்பட்டிருந்தது. முதல் நிரல் சாய்கோட்டை நீக்கிவிட்டு ஏற்றியது. அப்படி நீக்கினால் 1863/1/11, 1863/11/1 என்ற இரு நாள்களும் 1863111 என்றே ஆகிவிடும்.

குழந்தைகளின் வயது எதிர்பாராத இடத்திலிருந்து வந்த சிக்கல். தன்னார்வலர்கள் மூன்று மாதக் குழந்தைக்கு 3/12 என்றும் ஆறு மாதக் குழந்தைக்கு 1/2 என்றும் பின்னமாகத் தட்டியிருந்தார்கள். எக்செல் அவற்றைத் தட்டிய ஆண்டின் மார்ச் 12 என்றும் ஜனவரி 2 என்றும் எடுத்துக்கொண்டது. சிஎஸ்வி வழியே போனபோது வயது இருக்க வேண்டிய இடத்தில் தேதி இருந்தது. எண்ணாக மாற்ற முடியாததால் நிரல் அதைக் காலியாக விட்டது. அஸூர் அட்டவணை காலிப் பண்பைச் சேமிப்பதில்லை. அந்தப் பண்பே பதிவில் இல்லாமல் போய்விடும். தாயோடு கடல் கடந்த கைக்குழந்தைகள் மட்டும் வயதில்லாமல் நின்றார்கள். மூல எக்செல் கட்டத்தில் மாதமும் நாளும் அப்படியே இருந்ததால் பின்னத்தைத் திரும்பப் பெற முடிந்தது. புதிய அட்டவணையில் வயது மாதக் கணக்கில் இன்ட்32 ஆகவும், பட்டியலில் இருந்த எழுத்து வடிவம் தனிப் பண்பாகவும் வைக்கப்பட்டன.

காலனி எண்ணின் குறை சிறியது. நெடுவரிசையில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. முதல் நிரல் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற நிரல் நூலகம் காலிக் கட்டம் கலந்த முழு எண் நெடுவரிசையைத் தானாகவே பின்ன எண்ணாக்கும். அதை எழுத்தாக்கியபோது 4821 என்பது 4821.0 ஆனது. மேலும் ரோகீ எப்போதும் ஸ்ட்ரிங் என்பதால் 10 என்பது 2க்கு முன்னால் வரும். நட்டாலுக்கு வந்தோர் மொத்தம் 1,52,184 பேர் என்பதால் ஆறு இலக்கத்துக்குச் சுழி நிரப்பி 004821 என்று வைத்தால் போதுமானது.

பணத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்க அமைப்பில் பின்னப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியும் ஆயிரத்துக்கு இடைவெளியும் வருகின்றன. 1 250,50 என்று எழுதுவது முறை. அந்த இடைவெளியும் பல நேரங்களில் சாதாரண இடைவெளி அல்ல, வரி முறியாத இடைவெளி. சிஎஸ்வியில் காற்புள்ளி பின்னத்துக்குப் போய்விடுவதால் நெடுவரிசைகளை அரைப்புள்ளி பிரிக்கிறது. முதல் நிரல் காற்புள்ளியைப் புள்ளியாக்கிச் சமாளித்தது. ஆனால் 250 என்று இருந்ததை இன்ட்32 ஆகவும் 250.50 என்று இருந்ததை டபுள் ஆகவும் ஏற்றியது. அஸூர் அட்டவணையில் வடிகட்டும்போது ஒப்பிடும் மதிப்பும் பண்பும் ஒரே வகையாக இருந்தால்தான் விடை நம்பத்தக்கது. 200 ரான்டுக்கு மேல் கட்டியோர் பட்டியல் குறைந்தது இதனால். பத்தின் அடிப்படையில் பின்னத்தைத் துல்லியமாக வைக்கும் பண வகை இந்தச் சேமிப்பகத்தில் கிடையாது. எனவே தொகை முழுவதும் சென்ட் கணக்கில் இன்ட்64 ஆக வைக்கப்பட்டது. வாக்குரிமைப் பண்பு பூலியன். காலிக் கட்டம் "இல்லை" ஆகாது என்பதால், விடை தெரியாதோருக்கு அந்தப் பண்பே எழுதப்படவில்லை.

புதிய மாற்றம் ஒரு வகைப் பட்டியலோடு தொடங்கியது. அதை எழுதியவர்கள் நிரலர்கள் அல்லர்; பொருளாளர், ஏட்டுப் பொறுப்பாளர், கப்பல் பட்டியலைத் தட்டச்சு செய்த மூத்தவர்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், சேமிப்பக வகை, இலக்க நீளம், ஏற்கத்தக்க எல்லை, காலியாக இருக்கலாமா என்பது ஆகியவை அதில் எழுதப்பட்டன. 1911 என்ற எல்லையும், 3/12 என்றால் மூன்று மாதம் என்பதும் எந்த நிரலிலிருந்தும் வந்திருக்க முடியாதவை. வகைப் பட்டியலில் இல்லாத நெடுவரிசையை நிரல் ஏற்காது. பட்டியலுக்கு ஒவ்வாத மதிப்பை ஊகித்து மாற்றாமல் வரிசையையே ஒதுக்கிவைக்கும். முழு வேலையிலும் அதிக நேரம் பிடித்ததும் அதிகப் பயன் தந்ததும் இந்தப் பட்டியல்தான்.

சிஎஸ்வி முற்றிலும் விலக்கப்பட்டது. பைத்தான் மொழியில் ஓபன்பைஎக்செல் நூலகத்தால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு நேரடியாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பு, வகை, தோற்ற அமைப்பு மூன்றும் சேர்த்து எடுக்கப்பட்டன. சில வரிசைகளைப் பார்த்து முழு நெடுவரிசையின் வகையையும் ஊகிக்கும் கருவிகள் இதற்கு உதவா. எக்செல் கோப்பைப் பிற நிரல்களுக்குப் படித்துத் தரும் பழைய ஓடிபிசி இயக்கி வழக்கமாக முதல் எட்டு வரிசைகளையே பார்க்கும், அந்த எட்டும் எண்ணாக இருந்தால் பின்னால் வரும் எழுத்தைக் காலியாகத் தரும். ஏற்றும் பக்கத்திலும் வகை வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. அஸூரின் பைத்தான் நூலகம் சாதாரண முழு எண்ணை இன்ட்32 என்றே கொள்ளும். இன்ட்64 வேண்டுமென்றால் மதிப்போடு வகையையும் குறித்து அனுப்ப வேண்டும். ஒரு தொகுதியில் ஒரே பார்ட்டிஷன்கீ கொண்ட 100 பதிவுகள் வரையே செல்லும் என்பதால் ட்ரூரோவின் 342 பேரும் நான்கு தொகுதிகளாக ஏறினார்கள்.

தமிழில் எழுதிய பெயர்களுக்கு ஒரு கூடுதல் படி தேவைப்பட்டது. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பிடும் கணினிக்கு இரண்டு. எல்லாப் பெயர்களும் ஏற்றும் முன் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கப்பட்டன.

ஏற்றிய பின் அட்டவணை முழுவதும் திரும்பப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு பண்புக்கும் எத்தனை வகைகள் உள்ளன என்று கணக்கெடுக்கப்பட்டது. ஒரு பண்புக்கு ஒரு வகைக்கு மேல் வந்தால் தோல்வி. பிறகு திரும்பப் படித்த மதிப்பு மூலக் கட்டத்தின் மதிப்போடு, வகைப் பட்டியலின்படி மாற்றிய வடிவில் ஒப்பிடப்பட்டது. அடையாள எண்ணுக்கு நீளம், பிறந்த நாள், லூன் ஆகிய மூன்று சோதனைகளும் நடந்தன.

அஸூர் ஸ்டோரேஜ் எக்ஸ்ப்ளோரர் கருவி அட்டவணையைச் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு பண்புக்கும் பக்கத்தில் '@டைப்' என்று முடியும் ஒரு நெடுவரிசையை வைத்து வகையைக் குறிக்கிறது. அதே கோப்பைத் திரும்ப ஏற்றினால் வகை காக்கப்படும். காப்புப் பிரதிக்கு இது நல்ல வழி. ஆனால் அந்தக் கோப்பை இடையில் யாராவது எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்துவிட்டால், வகை நெடுவரிசை ஸ்ட்ரிங் என்று சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் உள்ள அடையாள எண் சிதைந்திருக்கும். 2023 முதல் எக்செல்லில் முன் சுழி நீக்கம், நீண்ட எண் சுருக்கம் போன்ற தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் அமைப்பு உண்டு. அது அந்தந்தக் கணினியில் அமைக்க வேண்டியது என்பதால் சங்கம் அதை மட்டும் நம்பவில்லை. பொருளாளருக்கு மாதந்தோறும் போகும் பிரதி, எண் நெடுவரிசைகள் எழுத்து அமைப்பில் குறிக்கப்பட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகவே எழுதப்படுகிறது. திருத்தங்கள் அந்தக் கோப்பு வழியே திரும்பி வருவதில்லை, தனிப் படிவம் வழியே வருகின்றன.

மூல எக்செல் கோப்புகள் இருந்ததால் பெரும்பாலான அடையாள எண்கள் முழுதாகத் திரும்பின. ஆனால் முதல் மாற்றத்துக்குப் பிறகு ஒரு கிளை அலுவலகத்தில் சிஎஸ்வி கோப்பையே திறந்து திருத்தி, அதையே புதிய எக்செல் ஏடாகச் சேமித்திருந்தார்கள். அந்த வரிசைகளில் இழந்த ஏழு இலக்கங்களைக் கணக்கிட்டு மீட்க வழியில்லை; உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தின் காகிதமே கதி. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தகவலை வைத்திருப்பவர் அது முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க நடைமுறையில் இயன்ற நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்கிறது. அரைகுறை எண்ணை வைத்துக்கொண்டிருப்பதைவிட எண்ணே இல்லாமல் வைத்திருப்பது மேல் என்று குழு தீர்மானித்தது. படிவம் கிடைக்காத உறுப்பினர்களின் பதிவில் அடையாள எண் என்ற பண்பு நீக்கப்பட்டு, சிதைந்த எழுத்து வேறொரு பண்பில் சோதனைக்காக மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் அடுத்த முறை சந்தா கட்ட வரும்போது அடையாள அட்டையைக் கொண்டுவருமாறு கேட்கப்படுகிறார்கள். அதுவரை அவர்களுக்கு வாழ்த்துச் செய்தி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.